பிடரியில் வந்த புள்ளிகள்

கறையக்காவுக்குக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவள் கைக்குப் போன துணி கறையோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது என்பார்கள். மை, துரு, எண்ணெய், ரத்தம், பெயின்ட் என்று எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் ஒரு தரம் மோந்து பார்ப்பாள். விரலால் ஒரு தரம் தடவிப் பார்ப்பாள். "சாயங்காலம் வாங்க" என்பாள். அவ்வளவுதான். சலவைக் கடைக்குக் கணவர் ஆசை ஆசையாக ஒரு பெயர்ப்பலகை மாட்டி வைத்திருந்தார். ஒருத்தரும் அதைப் படித்ததில்லை. எல்லாருக்கும் அது கறையக்கா கடைதான்.

அப்பேர்ப்பட்டவள் இன்று காலையில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் மைக்கறையில் ஊற்ற வேண்டிய மருந்தைப் பக்கத்திலிருந்த நல்ல சட்டையின் மேல் ஊற்றி வைத்தாள்.

"என்னாச்சு உனக்கு?" இஸ்திரி மேசையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. உங்க வேலையப் பாருங்க."

"என் வேலையத்தான் பாக்கறேன். நீ நாசம் பண்றது நான் இப்பதான் தேய்ச்ச சட்டை."

சிரிக்க வேண்டிய இடம். இருவருமே சிரிக்கவில்லை.

போன வாரம் நடந்ததுதான் இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து துணிக்கு அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்த மகளின் கையை ஒரு வாடிக்கையாளர் அம்மாள் உற்றுப் பார்த்தாள். விரல் முட்டிகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேற யாரையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்க. துணியில ஒட்டிக்கிச்சுன்னா?"

"துணியில ஒட்டினா நான் எடுத்துடுவேன். உங்க வாயில ஒட்டியிருக்கறத யார் எடுக்கறது?" என்று கறையக்கா பதிலுக்கு விளாசித் தள்ளினாள். அந்த அம்மாள் பையோடு நடையைக் கட்டினாள். ஆனால் திரும்பிப் பார்த்தால் மகளின் நாற்காலி காலி.

அந்த மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். சின்ன வயதில் அடித்த லூட்டிக்கு அந்தப் பெயரே குறைச்சல். இப்போது பத்தொன்பது வயது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டை. கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. கடைப்பக்கம் வருவதே இல்லை.

நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு அந்தப் புது டாக்டர்கிட்ட வரேன். அதோட சரி. அதுக்கப்புறம் மருந்து, மாத்திரை, டாக்டர்னு யாராவது பேச்செடுத்தீங்க, நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்."

வாலு சொன்னால் செய்வாள். அதுதான் பெற்றவளைத் தூங்கவிடவில்லை. இன்று அந்த டாக்டர் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் பிள்ளை பிழைத்தாள். கையை விரித்துவிட்டால், இருக்கிற ஒரே கதவும் சாத்திக்கொள்ளும்.

"கிளம்பு, கிளம்பு. நான் கடையப் பாத்துக்கறேன்" என்றார் கணவர். "டாக்டர் என்ன கேட்டாலும் மறைக்காம சொல்லுங்க."

கறையக்காவுக்குச் சுரீர் என்றது. "நான் என்னத்த மறைக்கறேன்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்கு ஏன் இப்படிப் பாயற?"

*

பஸ்ஸில் ஆளுக்கொரு இருக்கை. பக்கத்தில் இடம் இருந்தும் வாலு முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னங்கழுத்தைப் பார்த்தபடியே வந்தாள் கறையக்கா. துப்பட்டா கொஞ்சம் நழுவியிருந்தது. பிடரியில் தொடங்கி ஒரு பக்கத் தோள் வரைக்கும் வெளுத்துக் கிடந்தது.

ஆரம்பத்தில் அது ஒரு பொத்தான் அளவுதான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாலுவுக்குத் தெரியாத ஒன்று கறையக்காவுக்குத் தெரியும்.

முதலில் பார்த்த டாக்டர் ஒரு களிம்பை எழுதிக் கொடுத்ததோடு சரி. ஏன் வந்தது, எப்படிப் போகும் என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே அத்தனை கூட்டம். கைக்கு வாலுவே போட்டுக்கொண்டாள். பிடரி அவளுக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. கண்ணாடியில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இனிமே நான் பாக்க மாட்டேன்மா, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிடரி அம்மாவின் பொறுப்பு.

பொறுப்பென்றால் சும்மாவா? கறையக்கா தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினாள். துணியில் ஓரிடம் வெளுத்துவிட்டால் அங்கே மறுபடி சாயம் ஏற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. முதலில் அந்த இடத்தைச் சொரசொரப்பான துணியால் தேய்த்து நூலைத் திறந்துவிட வேண்டும். திறக்காத நூல் சாயம் குடிக்காது. ஆகவே களிம்பு போடுவதற்கு முன்னால் பிள்ளையின் பிடரியையும் தேய்த்தாள், சிவக்கச் சிவக்க.

"ஏம்மா இப்படி அழுத்தற?"

"மருந்து உள்ள இறங்கணும்ல. கொஞ்சம் பொறுத்துக்கோ, என் கண்ணுல்ல."

பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள், தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவளின் பிடரியில் அதைப் பார்த்தாள் கறையக்கா. அந்த வெளுப்பின் நடுவே பழுப்பாகப் புள்ளி. குனிந்து பார்த்தால் இன்னும் புள்ளி.

வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது பூஞ்சை. சலவைக்காரிக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அன்றைக்கே எடுக்காவிட்டால் துணி முழுக்கப் பரவித் தொலைக்கும். ஐயோ, இருக்கிற வியாதி போதாதென்று இன்னொன்றா! களிம்புதான் சுட்டுவிட்டது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். களிம்பை நிறுத்தினாள். அந்த இடத்தில் முகத்துக்குப் போடும் வெறும் கிரீமைத் தடவி, "போட்டாச்சு" என்றாள். புள்ளிகளை மட்டும் விடாமல் தேய்த்தாள். அவை மறைந்தன. வெளுப்பு அகலமானது. இன்னும் தேய்த்தாள்.

பிள்ளை பயந்துவிடுவாள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. கணவரிடம்கூட.

இன்று அந்த டாக்டர் அதைக் கண்டுபிடித்து, "இது வேற வியாதி" என்று சொல்லிவிட்டால்? பஸ் நின்றதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவளை வாலு வந்து தோளைத் தட்டினாள். "இறங்கும்மா. என்ன யோசனை?"

"ஒண்ணுமில்லடி."

*

டாக்டரம்மா இளம் வயதுக்காரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவள். வாலுவின் கையைத் தயங்காமல் தன் கையில் வாங்கிக்கொண்டாள். உறையில்லாத வெறுங்கை. வாலு அதைக் கவனித்ததைக் கறையக்காவும் கவனித்தாள்.

"இது ஒட்டுமா டாக்டர்?" என்றாள் வாலு எடுத்த எடுப்பில்.

"ஒட்டறதா இருந்தா நான் இந்நேரம் பால்கோவா கலர்ல இருக்கணும். தினமும் இதே வேலைதானே எனக்கு."

வாலுவின் உதடு லேசாக வளைந்தது. அதற்கே கறையக்காவுக்குக் கண் கலங்கியது.

"சரி, கேட்டுக்கோ. நம்ம தோல்ல நிறம் தயாரிக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்கல்ல, கிருமி வந்தா அடிக்கறதுக்கு? அவங்க ஆள் தெரியாம இந்தக் கூட்டத்தையே போட்டு அடிக்கறாங்க. அடிபட்ட இடம் வெளுத்துப் போகுது. அவ்வளவுதான். நீ சாப்பிட்டதால வரல. அழுக்கால வரல. யார் செஞ்ச பாவத்தாலயும் வரல."

"மருந்து போட்டும் ஒண்ணுமே ஆகலயே. கையப் பாருங்க. போட்டது போட்ட மாதிரியே இருக்கு."

"கை விரல்லாம் கடைசியாதான் கேக்கும். சில பேருக்குக் கேக்கவே கேக்காது. கையப் பாத்து முடிவு பண்ணாத. முகம், கழுத்துதான் முதல்ல பதில் சொல்லும். எங்க, கழுத்தக் காட்டு."

கறையக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, கையடக்கமான ஒரு ஊதா விளக்கை எடுத்துப் பிடரியில் காட்டினாள். இருட்டில் வெளுப்பு பளீரென்று எரிந்தது. எவ்வளவு பெரிது! கரையெல்லாம் கோடு கோடாக இறங்கியிருந்தது. அது தன் கை போன வழி என்று கறையக்காவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

விளக்கு மறுபடி எரிந்தது. டாக்டரம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, காதுக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கும் இடத்தில் குனிந்தாள்.

"அட!"

போச்சு, கண்டுபிடித்துவிட்டாள் என்று கறையக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஒரு புள்ளி இருக்கு, பழுப்பா. நல்ல சேதிதான் இது."

"நல்ல சேதியா?" கறையக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பின்ன? மயிர்க்கால் அடியில கொஞ்சம் நிறம் எப்பவும் பதுங்கி இருக்கும். மருந்து வேலை செஞ்சா அங்கேருந்துதான் மேல வரும். ஒரேயடியா வராது. மழை பெஞ்சதும் புல்லு அங்கங்க தலை நீட்டும்ல, அப்படிப் புள்ளி புள்ளியா வந்து அப்புறம் ஒண்ணு சேரும். நிறம் திரும்பி வர்ற லட்சணமே இதுதான்." டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. "ஆனா ஓரத்துல ஒண்ணு வந்திருக்குன்னா நடுவுலயும் வந்திருக்கணுமே. வேற எங்கயாவது இப்படி வந்துச்சா?"

"இல்லயே டாக்டர்" என்றாள் வாலு. "ஒண்ணுகூட வரல."

"மருந்து ஒழுங்கா போட்டீங்களா?"

"அம்மாதான் போட்டு விடுவா. ஒரு நாள்கூட விட்டதில்ல. காய்ச்சல்ல படுத்தப்பகூட எழுந்து வந்து போட்டா."

அந்தச் சாட்சி கறையக்காவுக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்தது.

"தோல் தடிச்சிருக்கே. உரசின அடையாளம் இருக்கு. அழுத்தித் தேய்க்கறீங்களா?"

வாலு ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். "நான்தான் டாக்டர். அரிக்கும். சொறிஞ்சுக்குவேன்."

பெற்றவளைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை அந்தப் பெண்ணுக்கு. இத்தனை நாளாக வலியைப் பொறுத்துக்கொண்டவள், இப்போது பழியையும் எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"பொய் சொல்றா" என்றாள் கறையக்கா.

"அம்மா, சும்மா இரு."

"பொய் சொல்றா டாக்டர். நான்தான் தேய்ச்சேன். தினமும் தேய்ச்சேன். துணிக்குத் தேய்ப்பேன், சாயம் ஏறட்டும்னு. அதே மாதிரிதான்..." இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. நிறுத்தினால் டாக்டர் என்ன தெரிந்து என்ன மருந்து தருவாள்? "புள்ளியும் வந்துச்சு. ஒண்ணு ரெண்டு வந்துச்சு. நான் பூஞ்சைன்னு நினைச்சேன். களிம்ப நிறுத்திட்டு வெறும் கிரீமப் போட்டேன். புள்ளியத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "துணிக்கு நிறம் வெளியிலேருந்து ஏறும்மா. தோலுக்கு உள்ளேருந்துதான் வரும்" என்றாள் மெல்ல. "இந்த வியாதிக்கு ஒரு கெட்ட குணம் இருக்கு. எங்க உரசினாலும், எங்க காயம் பட்டாலும் அங்க புதுசா வெளுக்கும். நீங்க தேய்க்கத் தேய்க்க அதுக்கு வழி போட்டுக் குடுத்திருக்கீங்க. வந்த நிறமும் போயிடுச்சு."

"திரும்ப வருமா?" என்றாள் கறையக்கா.

"வரலாம். வராமலும் போகலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஒண்ணு தப்பிச்சிருக்கு, அத வெச்சு ஆரம்பிப்போம். களிம்பு தரேன், வாரத்துக்கு ரெண்டு தரம் இங்க வந்து சிகிச்சை விளக்கு வெளிச்சத்துல நிக்கணும். விரல் நுனியால பூ மாதிரி தடவணும். தேய்க்கவே கூடாது. பிடரி உனக்கு எட்டாது. யாராவது போட்டு விடணும்."

இருவரும் வாலுவைப் பார்த்தார்கள். நேற்றுச் சொன்ன வார்த்தை கறையக்காவின் காதில் ரீங்காரமிட்டது. அதோட சரி.

வாலு துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். மெதுவாக, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"போட்டுக்கறேன் டாக்டர்."

கறையக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என் தங்கமே" என்று கையை நீட்டினாள்.

வாலு நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். "ஆனா அம்மா போட வேண்டாம். அப்பா போடட்டும்."

*

திரும்பி வரும்போதும் ஆளுக்கொரு இருக்கைதான். பஸ்ஸை விட்டு இறங்கியபோது கறையக்கா தாங்கமாட்டாமல், "நல்லதுன்னு நினைச்சுதான்டி செஞ்சேன்" என்றாள்.

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்டி?"

"தெரியும்னுதானே சொல்றேன். இப்ப பேசாத. ப்ளீஸ்."

கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தத் 'தெரியும்'தான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

கடையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. அதைத் தாங்கியில் வைத்தார்.

"எனக்கு காலர்தான் தெரியும். கழுத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றார் கடைசியில். "என் கை பாறாங்கல்லு மாதிரி இருக்குமே. அவளுக்குக் குத்தாதா?"

"நகத்த வெட்டிக்கோங்க. சோப்புப் போட்டுக் கையக் கழுவுங்க. நுனி விரல்ல எடுத்து மேலாக்க ஒத்தணும். தேய்க்காதீங்க." சொல்லும்போதே அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "தேய்ச்சுடாதீங்க, என்ன?"

சாயங்காலம் மகளின் அறையில் அப்பாவும் மகளும். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சுவரோடு சுவராக நின்றாள் கறையக்கா. உள்ளே போக உரிமையில்லை. நகர்ந்து போகக் கால் வரவில்லை.

"எங்க போடணும்மா?"

"பின்னாடி எல்லா இடத்துலயும்பா. குத்தினாலும் பரவால்ல."

களிம்புக் குழாயின் மூடி திறக்கும் சத்தம். பிறகு வாலுவின் குரல். "அந்தப் புள்ளி தெரியுதாப்பா? காதுக்குப் பின்னாடி?"

"இரு... தெரியுது. இந்தா இருக்கு. கடுகு மாதிரி."

"ஃபோட்டோ எடுங்க. நான் பாக்கணும்."

அந்த மனுஷருக்குப் போனில் படம் எடுக்கவும் தெரியாது. எங்கெங்கோ அழுத்தினார். பாட்டு ஒன்று பாடியது, நின்றது. ஒரு வழியாக எடுத்து நீட்டினார் போலிருக்கிறது. உள்ளே ஒரு விசும்பல் கேட்டது. அழுகிறாளா, சந்தோஷமா என்று வெளியே நின்றவளுக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு நாள் கழித்துப் பிள்ளை தன் தோலைத் தானே பார்க்கிறாள். தன் நிறத்தைப் பார்க்கிறாள். அதை அருகில் இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை பெற்றவளுக்கு.

"அம்மா."

கறையக்கா திடுக்கிட்டாள். தான் நிற்பது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"என்னடி?"

"டாக்டர்கிட்ட ஒண்ணு ரெண்டு வந்துச்சுன்னு சொன்னியே. நிஜமாவே ஒண்ணு ரெண்டுதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் பார்க்கவில்லை. கணவர் பார்க்கவில்லை, பிள்ளை பார்க்கவில்லை. அந்தக் காலைநேரத்து வெளிச்சத்தில் ஈரத் தலைமுடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பிடரியைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். ஆமாம் என்றால் காயம் அளவோடு நிற்கும். கதவு இப்படியே பாதி திறந்தபடியாவது இருக்கும்.

ஆனால் பொத்திப் பொத்தி வைத்துத்தானே பிள்ளையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தாள்?

"இல்லடி" என்றாள். "நிறைய இருந்துச்சு. கழுத்து பூரா இருந்துச்சு. பாதிக்கு மேல மூடிக்கிட்டு வந்துச்சு."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அப்பா, கதவச் சாத்துங்க."

அவர் வந்தார். விரல் நுனியில் களிம்பு இன்னும் மிச்சமிருந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.